நஞ்சம்மாள் லேஅவுட்டில் வீடு தேடுவோர் கவனத்திற்கு

அவரிடம் கேட்காதீர்கள். இளநீர் வெட்டுகிறவர் நல்ல மனிதர்தான், நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் இதே கோயம்புத்தூரில், இதே நஞ்சம்மாள் லேஅவுட்டில் பிறந்து வளர்ந்தவர். பிறந்த ஊரில் யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஒருவர் இன்னொருவருக்கு எப்படிச் சொல்ல முடியும்? நான் மாயவரத்துக்காரன். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரில் நான் கேட்காத கேள்வி இல்லை. ஆகவே நீங்கள் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

உட்காருங்கள். உக்கடம் போகிறீர்களா? பஸ் வர இருபது நிமிடம் ஆகும். வீடு பார்க்கத்தான் வந்தீர்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் மேலே பார்ப்பார்கள், மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று. நீங்களும் பார்த்தீர்கள்.

என் பெயர் தாயுமானவன். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். 'லைப்ரரி சார்' என்றால் இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். தினமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை இந்த பஸ் ஸ்டாப்பில்தான் இருப்பேன். இல்லை, பஸ்ஸுக்காக இல்லை.

புதிதாக ஓர் ஊருக்கு வருகிறவருக்கு உள்ளூர் ஆலோசனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மாசானமுத்து கதையைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

மாசானமுத்து அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பது வயது. கல்யாணமாகி ஐந்து வருடம். ஐந்து வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தது மொத்தம் பதினோரு மாதம். அவன் அகமதாபாத்தில் மில் வேலை, அவள் அம்பாசமுத்திரத்திலேயே நர்ஸ். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவனுக்கு இங்கே பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அவளுக்கும் இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அவள் ஆடி ஐந்தாம் தேதிக்குள் வேலைக்கு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஒரு வீடு கிடைத்துவிட்டால் இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழே இருக்கலாம். இவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவுதான் என்று சொன்னேனே, அங்கேதான் அவனுடைய அம்மா இருந்தாள். "ஆனி முடியதுக்குள்ள புது வீட்டுல பால் பொங்கணும். ஆடி பொறந்துட்டா ஆவணி வரைக்கும் மருமவளை அனுப்ப மாட்டேன்" என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஆனியிலேயே பாலைக் காய்ச்சிவிட்டால் குடிபோனதாகக் கணக்கு, சாமான் மெதுவாக ஆடியில் வந்தாலும் பாதகமில்லை. பால் ஆவணியில் என்றால் மருமகளும் ஆவணியில்தான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆடியாவது, ஆவணியாவது?

வைகாசி கடைசியில் ஒருநாள் மாசானமுத்து இந்த இளநீர்க்காரரிடம், "அண்ணே, இங்கன வாடகைக்கு வீடு கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் குறுக்கிட்டேன். குறுக்கிட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. அன்றைக்கே ஒரு வீட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருப்பான்.

"தம்பி, அவசரப்படக் கூடாது. முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்றேன்.

"நீங்க சொன்னா செரிதான் அண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி என்று சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எங்கள் பக்கத்தில் அது மளிகைக் கடைக்காரர்களைக் கூப்பிடுகிற சொல். அவர்கள் ஊரில் மரியாதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் உறுத்தியது.

அடுத்த முப்பது நாளில் அவனுக்கு ஒன்பது வீடுகளைத் தவிர்க்க உதவினேன். ஒன்பது! முதல் வீட்டில் படிகள் இரட்டைப்படை. இரண்டாவது வீட்டின் சொந்தக்காரர் பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு அவருக்குக் கண்புரை என்று சொன்னார்கள், அது வேறு. மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்தில் மாவு மில். நான்காவது எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது. எல்லா விதத்திலும் நன்றாக இருக்கிற வீடு ஏன் காலியாக இருக்கிறது? யோசிக்க வேண்டாமா? யோசிக்கச் சொன்னேன். அவன் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ வந்துவிட்டார்கள். பார்த்தீர்களா, அதில் ஏதோ இருந்திருக்கிறது.

அது உங்கள் பஸ் இல்லை. உட்காருங்கள். போர்டில் உக்கடம் என்றுதான் போட்டிருக்கும். இந்த ஊரில் போர்டைப் பார்த்து யாரும் ஏறுவதில்லை. ஆமாம், அவர்கள் எல்லாரும் ஏறுகிறார்கள்தான். அவர்கள் என்னிடம் கேட்கவில்லை.

எங்கே விட்டேன்? ஆனி முடிய இரண்டே நாள். அந்த வருடம் ஆனிக்கு முப்பத்திரண்டு நாள் என்பதால் தப்பித்தோம், முப்பத்தொன்று என்றால் கதை முடிந்தது. மாசானமுத்துவின் மனைவி ரயிலேறி வந்துவிட்டாள். பிரம்மசக்தி என்று பெயர். ஒல்லியாக இருப்பாள், அதிகம் பேச மாட்டாள். மாமியார் மறுநாளைக்கு மறுநாள் சாமான் லாரியோடு வருவதாக ஏற்பாடு. வீடு இல்லையென்றால் அதே லாரியில் மருமகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போவதாகவும் ஏற்பாடு.

அன்றைக்குத்தான் மளிகைக் கடை பழனாத்தாள் ஒரு வீடு சொன்னாள். மூன்றாவது வீதியில், குப்புராஜ் என்பவருடைய வீடு. அவர் பொள்ளாச்சியில் இருக்கிறார். காலியாக இருக்கும் வீடுகளின் சாவியையெல்லாம் இங்கே பழனாத்தாள் கடையில் கொடுத்து வைப்பார்கள், அது ஒரு வழக்கம். நானே போனில் பேசினேன்.

"பன்னெண்டாம் நம்பருங்க. நாளைக்குக் காலைல பாலைக் காய்ச்சிக்கச் சொல்லுங். நான் வர முடியாதுங், தென்னந்தோப்புல ஆள் வுட்டிருக்கறேன்" என்றார்.

இங்கேதான் உள்ளூர் அறிவு என்பது வேலை செய்கிறது. கவனமாகக் கேளுங்கள். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. மாநகராட்சி எண்களை மாற்றியபோது நான் அலுவலகத்துக்கே போய், பழைய எண்ணுக்கு நேராகப் புதிய எண் எழுதி, லேஅவுட் முழுவதற்கும் ஓர் அட்டவணை தயாரித்தேன். நூற்று அறுபத்தெட்டு வீடுகள். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் தயாரித்தேன். இன்றுவரையிலும் யாரும் கேட்கவில்லை. சரி. குப்புராஜுக்கு வயது எழுபது. எழுபது வயதுக்காரர் எந்த எண்ணைச் சொல்வார்? பழைய எண்ணைத்தான் சொல்வார். பழைய பன்னிரண்டு என்றால் அட்டவணைப்படி புதிய முப்பத்தொன்று. அவர் எந்த எண்ணைச் சொன்னார் என்று அவரையே திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்த விஷயத்தை ஏன் கேட்க வேண்டும்?

கடைக்குப் போய் முப்பத்தொன்றாம் நம்பர் சாவியைக் கேட்டேன்.

"முப்பத்தொண்ணுங்களா? குப்புராஜண்ணன் வூடு பன்னெண்டுங்களே சார்" என்றாள் பழனாத்தாள்.

எண் மாற்றத்தின் வரலாற்றை அவளுக்கு விளக்கினேன். வார்டு எல்லை பிரித்ததிலிருந்து ஆரம்பித்தேன். கடையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"சாமி, ஆளை வுடுங்" என்று சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். "முப்பத்தொண்ணோ நாப்பத்தொண்ணோ, எடுத்துட்டுப் போங்."

சாவியை மாசானமுத்துவிடம் கொடுத்தேன். "நீங்களும் வாங்க அண்ணாச்சி, பெரியவரா நின்னு நடத்திக் குடுங்க" என்றான். நான் போகவில்லை. ஆலோசகன் கூடவே போனால் எடுபிடி ஆகிவிடுவான். மூன்றாவது வீதி, கதவில் முப்பத்தொன்று என்று இருக்கும், உள்ளே நுழைந்து கிழக்கே பார்த்து அடுப்பை வையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஆனி முப்பத்திரண்டு, விடிகிற நேரம். பிரம்மசக்தி வாசலில் கோலம் போட்டு, உப்பும் மஞ்சளும் அரிசியும் முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்து, பாலைக் காய்ச்சியிருக்கிறாள். நன்றாகப் பொங்கியிருக்கிறது. எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். "இனிமே ஒரே வீட்டுல கெடப்போம் அண்ணாச்சி" என்றாள். பாலில் சர்க்கரை கொஞ்சம் கம்மி.

மறுநாள் ஆடி ஒன்று. எட்டு மணிக்கு இங்கே வந்து உட்கார்ந்தேன், எட்டரைக்கு மாசானமுத்து ஓடி வந்தான். சட்டையில் பித்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு அம்மா வந்து அது அவிய வீடுங்காவ!"

மூன்றாவது வீதிக்குப் போனால், லாரி வீதியை அடைத்து நிற்கிறது. லாரியின் முன்சீட்டில் மாமியார், மடியில் கிரைண்டர் கல். கேட் திறந்திருக்கிறது. வாசலில் ஒரு வயதான அம்மாள் கோலத்தை மிதிக்காமல் தள்ளி நிற்கிறாள். பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது ரங்கம்மாள். அந்த வீடு ரங்கம்மாளின் வீடு.

இந்த வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். மேற்குப் பார்த்த, சிவப்பு கேட் போட்ட வீடு. ஆனால் அதன் எண் முப்பத்தொன்று என்று எனக்குத் தெரியாது. எண்கள் வேறு, வீடுகள் வேறு. என் அட்டவணையில் வீடுகளே கிடையாது.

ரங்கம்மாளின் கணவர் இருந்த காலத்தில் அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்த உறவினர்களுக்கு நான் ஒருமுறை வழி சொன்னேன். அவர்கள் பேரூர் வரை போய்விட்டு, பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். "இனிமேல் அந்த ஆள்கிட்ட யாரும் எதையும் கேக்காதீங்" என்று அவர் நாலு பேர் நடுவில் சொன்னார். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். அது 2011, பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை.

அவர் காலமான பிறகு ரங்கம்மாள் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மாதப் பிறப்புக்கும் வெள்ளிக்கிழமைக்கும் வந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் வாசலில் கோலம், உள்ளே சாமி படம், அடுப்பு மேடையில் பால் பொங்கி வழிந்த தடம்.

"யாருங் இது, என்ற வூட்டுல பால் காய்ச்சுனது?" என்று அவள் கேட்கிறாள். கோபமாகக் கேட்கவில்லை. கோயிலில் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

மாமியார் லாரியிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "எடுத்த எடுப்புலயே அடுத்தவ வீட்டுல பால் காச்சிருக்கியளே, வெளங்குமால? ஏ டிரைவரு, லாரியைத் திருப்பும். ஏட்டி பிரம்மசக்தி, வந்து ஏறு. ஆவணில பாப்போம்."

குப்புராஜுக்குப் போன் போட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "பன்னெண்டுன்னா பன்னெண்டுதானுங். எங்கூட்டுக் கதவுல பெருசா எழுதியிருக்குதே. இன்னொருத்தர் வூட்டுல பாலைப் பொங்க வெச்சுப்போட்டு எங்கூட்டுக்கு வந்தா ஆகாதுங். ஆடி வேற பொறந்து போச்சு. மன்னிச்சுக்கோங்" என்று வைத்துவிட்டார். எழுபது வயதில் புதிய எண்ணைச் சொல்கிறார் பாருங்கள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் ஆலோசனை தேவைப்படுகிறது. நான் மூன்று வழி சொன்னேன். ஒன்று, பால் காய்ச்சியதை ரத்து செய்வதற்குப் பழைய சாஸ்திரங்களில் இடமிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு நான்கைந்து நாள் ஆகும். இரண்டு, சாமானை லாரியிலேயே தார்ப்பாய் போட்டு மூடி ஆவணி வரை நிறுத்துவது. டிரைவர் ஒரு சொல் சொன்னார், அதை விடுங்கள். மூன்று, ஆஸ்பத்திரிக்கு ஆடி மாதத்தின் முக்கியத்துவத்தை விளக்கி ஒரு கடிதம். வாசகம் நான் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

மாசானமுத்து தலையைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "அஞ்சு நாள்ல அந்த வேலை போயிரும் அண்ணாச்சி. திரும்ப அவ அங்க, நான் இங்க" என்றான். உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்கு ஆலோசனை ஏறாது.

பிரம்மசக்தி உட்காரவில்லை. லாரியிலும் ஏறவில்லை. ரங்கம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஏம்மா, இம்புட்டு நல்ல வீடு, ஏன் ரெண்டு வருசமா பூட்டியே கெடக்கு?"

"அதையேன் கேக்கற கண்ணு" என்றாள் ரங்கம்மாள். "எத்தனையோ பேரு வருவாங்க. சுத்திப் பாப்பாங்க. புடிச்சிருக்குதுங் அம்மா, நாளைக்கு வந்து பேசறோம்பாங்க. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போவாங்க. அதுக்கப்பறம் போனே எடுக்க மாட்டாங்க. எனக்கும் புரியறதேயில்ல."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கம் சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் இப்படித்தான், எல்லாரும் அவரையே பார்ப்பார்கள்.

நான் விளக்கினேன். மேற்கு வெயில் நேராக அடிக்கும். தண்ணீர் ஏறாது. வீட்டுக்கு ராசி இல்லை. ஊரே சொல்கிறது.

"ஊருன்னா யாரு அண்ணாச்சி?" என்றாள் பிரம்மசக்தி.

கூட்டத்தில் பழனாத்தாளும் நின்றுகொண்டிருந்தாள், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். "ஊரெல்லாம் இல்ல கண்ணு. இவரு ஒருத்தருதான். வர்ற ஆளையெல்லாம் நிறுத்திவெச்சு இந்த வூட்டைப் பத்தித்தான் சொல்லுவாரு. பதினாலு பேராவது இருக்கும்" என்றாள்.

ஒரு வீதியே கூடி நிற்கிற இடத்தில் என் பெயரைச் சான்றாக எடுத்துக்காட்டினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பிரம்மசக்தி உள்ளே போனாள். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. திரும்பி வந்தவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "யம்மா, பால் பொங்குனது ஒங்க வீட்டுலதான். நாங்க வேற எங்கயும் போகல. நீங்க செரின்னு சொல்லுங்க."

ரங்கம்மாள் அடுப்பு மேடை இருக்கும் திசையைப் பார்த்தாள். "இந்த வூட்டுல கடைசியா அடுப்பெரிஞ்சது அவரு போன அன்னிக்கு. காப்பித்தண்ணி வெச்சேன்" என்றாள். "நீங்களே இருந்துக்கோங் கண்ணு."

இன்னும் மாமியார் பாக்கி. அவள் லாரியிலிருந்து இறங்கவே இல்லை. கிரைண்டர் கல்லை மடியில் வைத்தபடியே கேட்டாள்: "ஏட்டி, பால் எந்தப் பக்கமா பொங்கி வழிஞ்சது?"

"கெழக்காம அத்தை."

மாமியார் கல்லை மடியிலிருந்து எடுத்து சீட்டில் வைத்தாள். "அப்போ எறக்குல சாமானை. வாயைப் பாத்துக்கிட்டு நிக்கான்."

மாசானமுத்து எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். கட்டிலைத் தனியாகவே தூக்கிவிட்டான்.

மேற்கு வெயிலைப் பற்றி நான் மறுபடியும் எச்சரித்தேன். "சாயந்தரம் துணி நல்லாக் காயுமே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள். அவள் ஆடி மூன்றாம் தேதியே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

என் மனக்குறை என்னவென்றால், இத்தனைக்குப் பிறகும் அந்தக் குடும்பம் அந்த வீட்டில் இருப்பது யாரால் என்று இந்த லேஅவுட்டில் ஒருவரும் சொல்வதில்லை. நான் முப்பத்தொன்று என்று சொல்லாமல் இருந்திருந்தால் ரங்கம்மாளின் வீடு இன்றும் பூட்டித்தான் கிடந்திருக்கும். இல்லையா? நீங்களே சொல்லுங்கள். பழனாத்தாள் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் படிக்காதவள்.

ஆனால் பிரம்மசக்தி நன்றி மறந்தவள் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் தப்பு. இந்த இரண்டு வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் ஒரு காரியமும் செய்தது கிடையாது. எந்த கேஸ் ஏஜென்சி, எந்தப் பால், எந்த வழியில் வேலைக்குப் போவது, எல்லாமே வந்து நின்று கேட்பாள். ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்றுகூட என்னிடம்தான் கேட்டாள். நான் மூன்று காரணங்களோடு ஒரு ஆஸ்பத்திரியைச் சொன்னேன். குழந்தை பிறந்ததும் மாசானமுத்து முதல் வேலையாக இங்கே வந்து அல்வா கொடுத்தான். வேறு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, அவசரத்தில் போயிருப்பார்கள். "நீங்க சொன்னதாலதான் அண்ணாச்சி எங்களுக்கு முடிவெடுக்கச் சுலுவா இருந்துச்சு" என்றான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்போது லேஅவுட்டில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருவர். இப்போது தினமும் நாலு பேர். குப்புராஜே போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து போன் போட்டு, போர்வெல் எந்த மூலையில் போடலாம் என்று கேட்டார். ஈசானிய மூலை என்றேன். "ரொம்ப நல்லதுங்" என்று மகிழ்ச்சியோடு வைத்துவிட்டார். தென்மேற்கில் போட்டிருக்கிறார், நல்ல தண்ணீராம்.

போன திங்கட்கிழமை பிரம்மசக்தி அந்த நோட்டைப் பழனாத்தாள் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறர் நோட்டைப் படிப்பது தவறுதான். ஆனால் மேல் அட்டையில் 'அண்ணாச்சி சொன்னது' என்று எழுதியிருக்கும்போது அது ஒருவகையில் என்னுடைய நூல்தானே? பிரித்துப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. தேதி, விஷயம், நான் சொன்ன பதில், எல்லாம் நீல மையில். ஒவ்வொரு வரியின் குறுக்கேயும் சிவப்பு மையில் நேராக ஒரு கோடு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரிகூட பாக்கியில்லை.

நர்ஸுகள் அப்படித்தான் பழக்கப்பட்டவர்கள். மருந்து கொடுத்து முடித்ததும் அந்த வரியை அடித்துவிடுவார்கள். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தேன், புத்தகங்களில் கோடு போட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதன் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்து முடித்தவரைப் பார்த்ததில்லை.